இரண்டு பெடலின் மேல் ஒரு கால்

போடி மலையடிவாரத்துப் பெருமக்களே! ஏலத் தோட்டத்துக்கு நாள்தோறும் ஜீப்பில் ஏறிச் செல்லும் தாய்மாரே! வண்டி ஓட்டிப் பிழைக்கும் தோழர்களே! பள்ளத்தில் விழுந்து மாண்ட ஓர் ஓட்டுநன்மீது, இரண்டு பெண்களைக் கொன்றவன் என்ற பழி சுமத்தப்பட்டிருக்கிறது. அவன் வாய் திறந்து மறுக்க முடியாதவன். அந்தப் பழிக்கு முட்டுக் கொடுத்து நிற்பதோ என் மேடைப் பேச்சு. ஆகவே அவனுக்கு எழுதும் இந்த மடலை உங்கள் முன்னிலையில் வைத்தே எழுதுகிறேன். கேளுங்கள்.

என் அன்பு மாப்பிள்ளை சடையாண்டிக்கு,

நலமா என்று எழுதப் போன கையை நிறுத்தி, அந்தச் சொல்லை அடித்துவிட்டுத் தொடங்குகிறேன். நீ போய் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். ஒரே பள்ளியில் படித்து, என் தங்கையை மணந்து, என் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் குடியிருந்தவன் நீ. உன்னோடு பேச வேண்டுமென்றால் சன்னல் வழியே குரல் கொடுத்தால் போதும் என்றிருந்தவன் நான். இப்போது எந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பது?

என் தங்கை செல்லத்தாயின் செய்தியை முதலில் சொல்கிறேன். தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால், மற்றவர்கள் தம் குடங்களை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். உன் வண்டியில் மாண்ட இருவரில் ஒருத்தியான காமாட்சியின் தாய் ஒருநாள் நம் வாசலில் வந்து நின்றாள். "பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியாதவனுக்கு எதுக்குடி ஜீப்பு? எம்பிள்ளைய மிதிச்சே கொன்னுட்டானே!" என்று மண்ணை வாரி இறைத்தாள். அந்த மண்ணை அன்று உன் மனைவி பெருக்கவே இல்லை.

அன்று மாலை நடந்ததை நீ அறிவாய். கேட்போர் அறியும்பொருட்டுச் சொல்கிறேன். தோட்டத்தில் வேலை முடித்த ஒன்பது பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டிலிருந்து இறங்கினாய். ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் வண்டி பெருங்குரலெடுத்து உறுமியது. பின் மலைப்பக்கப் பாறையில் உரசியது. ஏழு பெண்கள் சாலையிலேயே விழுந்து பிழைத்தார்கள். உன்னையும் எஞ்சிய இருவரையும் கொண்டு வண்டி பள்ளத்தில் புரண்டது.

உன் அருகில் முன்னிருக்கையில் இருந்து பிழைத்தவள் பேச்சியம்மாள். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அவள் கண்டதைக் கண்டபடி சொன்னாள். "வண்டி ஆனை கணக்கா உறுமுச்சு சார். அவுக வலது காலு குறுக்க கெடந்துச்சு. பாதி பிரேக்குல, பாதி அங்கிட்டு." அவ்வளவுதான் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டது வேறு. பதற்றத்தில் ஓட்டுநரின் கால் பிரேக்கிலிருந்து வழுக்கி ஆக்சிலேட்டரை மிதித்தது என்று எழுதினார். அந்த உறுமலே அதற்குச் சான்று என்றும் எழுதினார்.

இனி என் குற்றம். பத்தாம் நாள் போடிச் சந்தைத் திடலில் உனக்கு இரங்கற் கூட்டம். அதிகாரி எழுதியதைக் கேள்விப்பட்டு, அதை நம்பி, மேடை ஏறினேன். "தவறியது ஒரு கால்! ஒரு காலின் தவற்றுக்கு ஒரு வாழ்வையே தூற்றுவீரோ?" என்று முழங்கினேன். கூட்டம் அழுதது. உன்னைக் காத்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு இறங்கினேன், மாப்பிள்ளை. கைதட்டலுக்குப் பழகிய காது, தான் சொன்னதைத் தானே கேட்பதில்லை.

நான்கு நாள் கழித்து, செல்லத்தாய் வற்புறுத்தியதால் அவளை அழைத்துக்கொண்டு அதிகாரியிடம் முறையிடச் சென்றேன். என் பேச்சு அச்சாகியிருந்த செய்தித்தாளை அவர் கோப்பிலிருந்து எடுத்து விரித்தார். "ஏம்மா, ஒங்க அண்ணனே மேடையில ஒத்துக்கிட்டாரே! அதுக்கு மேல நான் என்னத்தப் புதுசா எழுதிட்டேன்?" என்றார். என் பெயருக்குக் கீழே என் சொற்கள். ஒற்றுப்பிழைகூட இல்லாமல் அச்சிட்டிருந்தார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் செல்லத்தாய் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவுக காலு எப்பவுமே அப்பிடித்தாண்ணே இருக்கும். எறக்கத்துல கியர் மாத்துறப்ப, முன்காலு பிரேக்குல, குதிங்காலு ஆக்சிலேட்டர்ல. ஒவ்வொரு மாத்துக்கும் வண்டி ஒருவாட்டி உறுமும். தோட்டத்துக்குப் போக வர நானே எத்தன நாளு பாத்திருக்கேன். ஒனக்குத் தெரியாதா? பத்து வருசமா முன்சீட்டுல ஒக்காந்து கூட்டத்துக்குப் போனவன் நீதானே?"

தெரியாது, மாப்பிள்ளை. கம்பத்துக்கும் பெரியகுளத்துக்கும் குமுளிக்கும் உன் பக்கத்தில் அமர்ந்து போனேன். அன்றைக்குப் பேச வேண்டியதைக் கண்மூடி மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏழை எளியவரின் உழைப்பைப் பற்றிப் பேசப் போகிற வழியில், ஒரு சாண் தொலைவில் உழைத்துக்கொண்டிருந்த உன் காலை ஒருமுறைகூட நான் குனிந்து பார்க்கவில்லை. நீயாவது ஒருநாள் என் தொடையில் தட்டி, இங்கே பார் என்று சொல்லியிருக்கக் கூடாதா?

மறுநாளே உன் தோழன் குமுளி தாமஸிடம் போனேன். நீ ஓட்டிய ஜீப்பைப் போன்றதே அவன் ஜீப்பும். "அந்தக் காலை எனக்குச் சொல்லிக் கொடு" என்றேன். நேரான சாலையில் காய்கறி ஏற்றிப் போகும் அளவுக்கே எனக்கு ஓட்டத் தெரியும் என்பதை அவன் அறிவான். என் வேட்டியை மேலும் கீழும் பார்த்தான். "நாப்பத்தாறு வயசுல எதுக்கண்ணே இந்த வேல? சரி, மொதல்ல வேட்டிய மடிச்சுக் கட்டு. செருப்பக் கழட்டு" என்றான்.

மலைச்சாலை தொடங்கும் முந்தலுக்கு மேலே உள்ள முதற் சரிவில் காலைதோறும் பழகினோம். வேலை சொல்வதற்கு எளிது. இடக்கால் கிளச்சை அமுக்கக் கை கியரை நடுவே கொணர வேண்டும்; கிளச்சை விட வேண்டும். வலக்காலின் முற்பகுதி பிரேக்கைத் தளரவிடாமல் பிடித்திருக்க, அதே காலின் குதி ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினின் ஓட்டத்தை உயர்த்த வேண்டும். அந்த உயர்வு அடங்குமுன் மறுபடி கிளச்சை அமுக்கிக் கீழ்க் கியரில் தள்ள வேண்டும். இரண்டு மூச்சுக்குள் இவ்வளவும் முடிய வேண்டும். முடிந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். தவறினால் கியர் விழாது. நடுவில் தொங்கும் வண்டி சரிவில் தன் போக்குக்கு ஓடும்.

எனக்குத் தவறியது. நாள்தோறும் தவறியது. குதியை அழுத்தினால் முன்கால் தளர்ந்தது. முன்காலை இறுக்கினால் குதி எட்டவில்லை. பற்சக்கரங்கள் நறநறவென்று அரைபடும் ஓசை மலையில் பட்டுத் திரும்பி வரும். "எண்ணே, மேடையில மூணு மணி நேரம் அசையாம நிக்கிற காலு, இங்கன மூணு நொடி நிக்க மாட்டேங்குதே! எங்கிட்ட இருக்குறது ஒரு கியர்பாக்ஸ்தான். அதுவும் பொங்கலுக்குள்ள பொடியாயிரும் போல!" என்பான் தாமஸ்.

ஆக்சிலேட்டர் என்ற சொல்லை நான் எழுதுவதைக் கண்டு நீ சிரிப்பாய். முடுக்கி என்றே சொல்ல வேண்டும் என உன்னிடம் எத்தனை முறை வாதாடியிருக்கிறேன்! "மச்சான், ஒர்க்ஷாப்புல போயி முடுக்கி எங்கடான்னு கேட்டா, பக்கத்துத் தெரு முடுக்குச் சந்தக் காட்டி அங்கன போகச் சொல்லுவாக" என்பாய். இன்று உன் சொல்லே இருக்கட்டும். உன்னிடம் வாதாடி வெல்ல எனக்கு ஆசையில்லை.

செல்லத்தாய் நாள்தோறும் பின்னிருக்கையில் வந்து அமர்ந்தாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் உன் வண்டியின் குரல் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "இது இல்ல. அவுக உறுமல் குட்டையா இருக்கும். நீ இழுக்குறே, மேடைப் பேச்சு மாதிரி." மறுபடி இறங்குவோம். "இதுவும் இல்ல." மறுபடி ஏறி, மறுபடி இறங்குவோம். கணுக்கால் வீங்கி, வீட்டில் ஒருக்களித்துப் படுக்கவும் முடியாமல் கிடந்தேன். உன் பெயர் என் கணுக்காலில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணமே என்னை மறுநாளும் எழுப்பியது.

பழகத் தொடங்கிய இருபத்து மூன்றாம் நாள் காலை அது நிகழ்ந்தது. குதி தட்டியது, வண்டி சுருக்கமாக ஓர் உறுமல் உறுமியது, கியர் ஓசையில்லாமல் விழுந்தது. பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்ததுபோல் வண்டி சரிவில் அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். செல்லத்தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஆம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

தாமஸ் வண்டியை ஓரங்கட்டச் சொன்னான். அன்று அவன் கேலி பேசவில்லை. "எண்ணே, இப்பப் புரியுதா? பயந்து ஆக்சிலேட்டர மிதிக்கிறவன் கை கியர் பக்கமே போகாது. போனாலும், ஓடுற வண்டியில ரெண்டுல இருந்து ஒண்ணுக்குச் சாமானியத்துல விழாது. வேகம் கூடக் கூடப் பெருசா உறும வைக்கணும். அன்னைக்கு அவ்ளோ பெரிய உறுமல்னா, வண்டி அவ்ளோ வேகத்துல வந்திருக்கு; பிரேக் போயிருக்கு. கொஞ்சமாச்சும் பிடிக்கட்டும்னு அந்த பிரேக்கையே விட்டு விட்டு மிதிச்சுக்கிட்டே சடையாண்டி ஒண்ணாங் கியருக்குப் போயிருக்கான். வேகம் கொறஞ்சுச்சு. அதனாலதான் ஏழு பேரு உசுரோட இருக்காக."

கேட்டாயா, மாப்பிள்ளை? நீ செய்ததை ஒருவன் சொல்லிவிட்டான். அந்த வளைவில் நீ எத்தனை நொடி உயிரோடு போராடினாய் என்பதை என் கணுக்கால் இப்போது அறியும். ஆனால் அதிகாரிக்கு என் கணுக்கால் சான்றாகுமா?

நேரே அவரிடம் போனேன். "வண்டியில் ஏறுங்கள், அந்த உறுமல் என்னவென்று ஓட்டிக் காட்டுகிறேன்" என்றேன். "நீங்க பேசுறவரு. பேச்சோட நிறுத்திக்கங்க. ஒங்கள நம்பி மலையில ஏற எனக்கென்ன கிறுக்கா?" என்றார். "பள்ளத்தில் இறங்கி வண்டியைப் பார்த்தீர்களா? அது எந்தக் கியரில் கிடக்கிறது? பிரேக் குழாய் அறுந்திருக்கிறதா?" என்று கேட்டேன். "மேல நின்னு பாத்தாலே போதும்" என்றார். பாறைக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கும் வண்டியின் உள்ளே இருக்கும் கியர், மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

நானும் தாமஸும் வேரையும் கொடியையும் பற்றிக்கொண்டு இறங்கினோம். நீ இறந்த இடத்தில் காலை வைத்தேன். வண்டி குப்புறக் கிடக்கிறது; ஓட்டுநர் பக்கம் பாறையில் நசுங்கியிருக்கிறது. இடுக்கு வழியே தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். இருக்கையின் கிழிந்த தோல் தட்டுப்பட்டது. கியர்க் கம்பி எட்டவில்லை. நாலு விரற்கடை, மாப்பிள்ளை! நாலு விரற்கடைக்கு அப்பால் இருக்கிறது உன் நேர்மை. என் கை எட்டவில்லை. இரண்டு பேர் தோள் கொடுத்தும் வண்டி அசையவில்லை.

திரும்பி வந்ததும் அடுத்த இடி. நீ கூலிக்கு ஓட்டிய அந்த வண்டியின் உரிமையாளர் அதைக் காயலான் கடைக்காரருக்கு விற்றுவிட்டார். திங்கட்கிழமை ஆட்கள் இறங்கி, கிடக்கும் இடத்திலேயே துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போவார்கள். வெட்டிய பிறகு எது கியர், எது பிரேக் குழாய்? எல்லாம் இரும்பு. விசாரணை முடிந்தது என்று வெள்ளிக்கிழமை முத்திரை குத்துவார்கள். அதன்பின் செல்லத்தாய் எந்தக் குழாயடிக்குப் போவாள்?

ஓர் அச்சத்தையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். புரட்டிப் பார்க்கும்போது அது முதற் கியரில் இல்லாவிட்டால்? உருண்ட வேகத்தில் கம்பி ஒடிந்திருந்தால்? இதைச் செல்லத்தாயிடம் கேட்டேன். அவள் சினந்தாள். "இல்லாட்டி இல்லைன்னு ஊருக்கு நானே சொல்லிக்கிறேன். ஒருவாட்டி பாக்காமலே பேசிட்டு வந்தியே, அது போதும்ணே!" என்றாள்.

ஆகவே, மக்களே, உங்கள் பக்கம் திரும்புகிறேன். சந்தைத் திடலில் நான் சொன்னது பொய். ஆராயாமல் சொன்ன பொய். அதை இங்கேயே திரும்பப் பெறுகிறேன். அன்று என் பேச்சுக்கு அழுத கண்கள் ஆயிரம் இருக்கும். அவற்றுக்கு உரிய கைகளை இன்று கேட்கிறேன்.

நாளை ஞாயிறு. விடிந்ததும் முந்தலுக்கு வாருங்கள். லாரி வைத்திருப்போரே, வடமும் சங்கிலிக் கப்பியும் கொண்டு வாருங்கள். ஜீப் ஓட்டுநர்களே, ஒருநாள் ஓட்டத்தை நிறுத்துங்கள்; இல்லையேல் இன்னொருநாள் உங்கள் காலுக்கும் இதே தீர்ப்பு எழுதப்படும். பேச்சியம்மா, நீ கண்டதை உன் வாயாலேயே இன்னொருமுறை சொல்ல வா. காமாட்சியின் தாயே, உங்களையும் அழைக்கிறேன். உங்கள் மகள் எதனால் மாண்டாள் என்பதை எல்லோருக்கும் முன்னால் அறிய வேண்டியவர் நீங்கள். அதிகாரியே, நீரும் வாரும். வண்டியைப் புரட்டுவோம். எவரும் எதையும் தொடுமுன் நீரே குனிந்து பாரும். கண்டதை எழுதும், எங்களுக்கு எதிராக இருந்தாலும் எழுதும். பாராமல் எழுதிய தாளைக் கிழித்துப் போடும்!

மாப்பிள்ளை, உனக்கு என் உறுதி இது. பத்துப் பேர் வந்தாலும் இறங்குவேன். ஒருவரும் வராவிட்டாலும் இறங்குவேன். அந்த வண்டி புரளும்வரை பள்ளத்தை விட்டு ஏற மாட்டேன். வெட்ட வருகிறவர்கள் முதலில் என்னை அப்புறப்படுத்தட்டும். வடத்தின் முதற் பிடி செல்லத்தாயுடையது. அவள் இப்போதே வாசலில் நிற்கிறாள்.

எழுந்து வாருங்கள்!

உன் செல்லத்தாயின் அண்ணன்,
பத்து ஆண்டு உன் அருகிருந்தும் உன்னைப் பாராத மச்சான்,
நன்மாறன்