கணக்கில் ஒரு வானம்

மார்ச் 3
காலை முழுவதும் மேகம் வரைந்தேன். மேகம் வரைவதற்கு வங்கியில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எங்கள் மொபைல் செயலியைத் திறந்தால் இனி தொகை தெரியாது, வானம் தெரியும். பணம் நிறைய இருந்தால் வெயில். குறையக் குறைய மேகம். அடிமட்டத்துக்கு வந்தால் மழை. சும்மா ஒரு சோதனைதான், கொஞ்சம் பேருக்கு மட்டும். மேலாளர், "பேங்க்ல வானிலை அறிக்கையா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

மார்ச் 5
இது யாருக்காக என்று ஆபீசில் மூச்சு விடவில்லை. அக்காவுக்காக. கடையை மூடியதிலிருந்து அவள் செயலியைத் திறப்பதே இல்லை. "அந்த நம்பரப் பாக்கவே பயமா இருக்குடி" என்கிறாள். போன மாதம் கரண்டு பில் கட்டாமல் வீடே இருட்டாகிவிட்டது. கணக்கில் பணம் இருந்தும்! அவளிடம் கேட்டு, சோதனையில் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 11
திறந்துவிட்டாள்! "லேசா மேகம்டி. பாத்துக்கிட்டே இருக்கலாம் போல." எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் நிஜ மேகங்களை வேடிக்கை பார்த்து, இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டேன்.

மார்ச் 12
மழையை மெதுவாக்கினேன். துளிகள் கண்ணாடியில் வழிவதுபோல் இறங்குகின்றன. நானே சொக்கிப்போனேன்.

மார்ச் 17
மழை காலை வாரிவிட்டது. சோதனையில் இருக்கும் ஒரு மாணவி சொன்னாளாம்: "மழை எப்படி இருக்கும்னு பாக்க ஆசை. அதான் இருந்த காசுக்கெல்லாம் ஷூ வாங்கிட்டேன்." அவள் மட்டுமா? நிறையப் பேர் இப்படி! மேலாளர் இந்த முறை சிரிக்கவில்லை. "ரொம்ப நல்லா வரைஞ்சிட்டீங்க. அதான் பிரச்சினையே." வெள்ளிக்கிழமை வானத்தை எடுத்துவிடுகிறோம். அவர் சொல்வது சரிதான், அதுதான் எரிச்சலாக இருக்கிறது.
அக்காவிடம் எப்படிச் சொல்வது? மறுபடி பழையபடி ஆகிவிட்டால்?

மார்ச் 19
சொல்லவில்லை.

மார்ச் 20
வானத்தை எடுத்தாயிற்று. மதியம் அக்காவிடமிருந்து போன்.
"என்னடி, வானத்தக் காணோம்?"
என்னென்னவோ உளறினேன். முன்னாடியே சொல்லியிருக்கணும் — தப்புதான்க்கா —
"சரி, விடு. முதல்ல கண்ண மூடிக்கிட்டேன். அப்புறம் ஒத்தக் கண்ணால பாத்தேன்." பிறகு அவளே கேட்டாள்: "எவ்ளோன்னு சொல்லட்டுமா?"
சொன்னாள். ஒவ்வோர் எண்ணாக, சில்லறை உட்பட. நடுவில் ஓர் எண்ணில் தடுமாறினாள், ஆனாலும் நிறுத்தவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாதென்று மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்து, அழுதுகொண்டே கேட்டேன்.