ஆயில் போல்ட்டின் மரை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? இங்கே அனைவரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன். இன்று அப்படி எழுத முடியவில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன், அது உங்கள் தம்பியின் சட்டைப் பையில். நான் வேலை பார்க்கும் அச்சகத்துப் போன் முதலாளி மேசையில் இருக்கிறது, அங்கே நின்று குடும்பக் கதையை அழ முடியுமா? அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன்.

உங்கள் தம்பி போன மாதம் இரண்டு முறை மயங்கி விழுந்தார். முதல் முறை குளியலறையில். இரண்டாவது முறை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றவர் அப்படியே கண் செருகிச் சாய்ந்தார். காரணம் தெரியும்வரை வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். இவரோ, அந்த ஆளு எல்லாருக்கும் இதையேதான் சொல்லுவாரு, நீ சும்மா இரு என்கிறார். யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். தினமும் காலையில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளில் பாப்பாவைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கிளம்புகிறார்.

கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாவியை ஒளித்தேன். மனிதர் மசியவில்லை. போன ஞாயிறு மத்தியானம் அவர் தூங்கும்போது, மெக்கானிக் ஆயில் மாற்றியதைப் பார்த்த நினைவில், எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் வழியவழிய அதைக் கோணலாகத் திரும்ப வைத்து, ஸ்பானரால் முழு பலத்தோடு முறுக்கினேன். போல்ட்டைப் பிடித்து நிற்கும் மரை உள்ளே நொறுங்குவது கைக்குத் தெரிந்தது. தரையைத் துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல் உள்ளே வந்துவிட்டேன். எனக்குத்தான் மரை கழன்றுவிட்டது என்று திட்டுவீர்கள், திட்டுங்கள். ஆயில் நிற்காவிட்டால் வண்டி ஓடாது, யாருக்கும் அடிபடாது என்றுதான் நினைத்தேன்.

நல்லவேளை, மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் மறுபடி ஆயில் தேங்கியிருந்ததை அவர் பார்த்துவிட்டார். மரையைக் கெடுத்துட்டான் பாவி என்று மெக்கானிக்கைப் போய்க் கிழித்தெடுத்தார். அந்த மனிதர் நேற்று வீட்டுக்கே வந்து பழுது பார்த்தார். கெட்ட துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புது மரை வெட்டி, தூளையெல்லாம் துடைத்தெடுத்து, உள்ளே எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி இறக்கினார். இனி அந்தச் சுருள்தான் மரையாம். டார்ச் பிடித்தது நான்தான், அண்ணி. உங்கள் தம்பி துணி எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, மெக்கானிக் பழைய போல்ட்டை என் கையில் வைத்தார். அக்கா, இது கடையில கெட்ட மரை இல்ல, யாரு என்னன்னு நான் கேக்கல என்றார். தெரியாம ஓட்டியிருந்தா ஆயில் பின் டயர்ல பட்டு வழுக்கியிருக்கும், இல்ல எஞ்சின் இறுகிப்போய் ரெண்டு பேரையும் தூக்கி அடிச்சிருக்கும் என்றார்.

ராத்திரி முழுக்க பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன். இப்போது வண்டியைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது, என் கையைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது.

இந்த மரை முன்பைவிட உறுதியாம். இன்னும் பத்து வருஷம் அசையாதுடி என்று உங்கள் தம்பிக்கு வாயெல்லாம் பல். இன்று பள்ளி விடுமுறை, நாளைக் காலையிலிருந்து மறுபடி கிளம்பிவிடுவார்.

நீங்கள் சொன்னால் மட்டும்தான் கேட்பார். மயங்கி விழுந்தது உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதீர்கள், ரோஷம் வந்துவிடும். அந்த வண்டி உங்களுக்கு உடனே வேண்டும் என்று கேளுங்கள், காரணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர மூன்று நாளாகும். அதுவரை வயிற்றுவலி என்று சொல்லிப் பாப்பாவை வீட்டில் வைத்துக்கொள்வேன். அவரை என்ன சொல்லி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. படித்த உடனே அவருக்குப் போன் போடுங்கள், அண்ணி. எடுக்கிறவர் அவராகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி