எடை குறைந்த மூட்டை

வியாழன், ஆரியசாலை, என் மல்லிக் கிடங்கு.

இப்படித்தான் முடியும் என்று காலையிலேயே சொன்னேன். என் அக்காள் மகள் வித்யா நாளை கல்லூரியில் அணு இணைவு ப்ராஜெக்டைக் காட்ட வேண்டும். ஆற்றல் தரும் வினைகளைக் கேட்டால், அதற்காக அவள் கணினியில் தொகுத்த டேட்டாபேஸ் ஒரு வரிகூடத் தரவில்லை. அழுதேவிட்டாள்.

"இணைஞ்ச பிறகு எடை குறையணும் மாமா. குறைஞ்சதுதான் ஆற்றல்!"

"மல்லி மூட்டை மாதிரிதான் மோளே. ஏத்தின எடையில இறக்கின எடையைக் கழி. நீ தலைகீழாக் கழிச்சிருக்கே" என்றேன்.

மாற்றி எழுதினாள். டியூட்டீரியம், டிரிட்டியம் என்று வரிகள் கொட்டின.

"உங்க மூட்டைதான் காப்பாத்திச்சு மாமா, கேட்டோ!"

கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

இங்கே மட்டும் உண்மையை எழுதுகிறேன்: கழிக்கச் சொன்னது நானில்லை. கிடங்குக்கு வந்த மூட்டை எடை குறைந்ததென்று புலம்பிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுத் தன் தப்பைப் பிடித்தவள் அவளேதான்.