பறையை நீக்கிய பாட்டு

அக்கா,

திருநெல்வேலிச் சந்தையிலிருந்து திரும்பும்போது பலாலி வீதியில் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நின்றபோது உங்களைக் கண்டேன். மின்கம்பத்தில் கட்டிய பதாகையில் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். ‘பாடலால் காயம் ஆற்றிய அன்னை’ என்று உங்கள் நெற்றிக்கு மேலே பொன்னிற எழுத்து. மை நாற்றம் இன்னும் போகவில்லை. விழா போன ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது. பதாகையைக் கழற்றத்தான் ஒருவரும் இல்லை. பக்கத்தில் விழாத் தலைவரின் படம், உங்களுடையதைவிடப் பெரிதாக. பஸ் வந்தும் நான் ஏறவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உங்களை முதலில் சந்தித்தது மானிப்பாயில். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு மன ஆறுதல் பயிற்சி என்று கூப்பிட்டிருந்தார்கள். அண்ணைக்காக அம்மாவும் நானும் போயிருந்தோம். பயிற்சி நடத்திய இளைஞர் எல்லோரையும் கண்ணை மூடி, மனதுக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார். நீங்கள் மூடவில்லை.

“கண்ணை மூடினால் என்ரை பெடியன்ரை முகந்தான் தம்பி வருது. நான் கையிலை பிடிச்சு ஆமியிட்டைக் குடுத்த பிள்ளை. சரணடைஞ்சால் விட்டிடுவினம் எண்டு நம்பிக் குடுத்தனான். என்னை ஒருக்கால் பாட விடும்.”

அவர் மறுமொழி சொல்லுமுன்பே தொடங்கிவிட்டீர்கள். குருநகர்க் கடற்கரையில் உங்கள் அப்பா கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பா அது. ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று சேர்ந்து இழுக்கும் பாட்டு. மீனைக் கேட்கும் அடியை எடுத்துவிட்டு, மகனைக் கேட்கும் அடியை வைத்தீர்கள். ‘கையிலே கொடுத்த பிள்ளை எங்கே?’ என்று நீங்கள் கேட்டு நிறுத்தியபோது, பக்கத்தில் இருந்த என் அம்மா ‘ஏலேலோ’ என்றார். தோட்டமும் கோயிலுமாக வாழ்ந்த மனுசி. கடல் பாட்டுக்கு அவர் வாய் திறந்ததை அன்றுதான் பார்த்தேன். அடுத்த அடியை அம்மாவே கட்டினார். ‘சயிக்கிளில் போனவன் எங்கே?’ சயிக்கிளில் போய்த் திரும்பாத அண்ணையைத்தான் கேட்டார்.

அப்படித்தான் எங்கள் கூட்டம் உண்டானது. நான் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிப்பவள் என்று அறிந்ததும் நீங்கள் சொன்னது: “ரீச்சர், நீர் சுருதியைப் பிடியும். சொல்லிலை கை வையாதையும். அது அவையவையின்ரை.”

பிறகு பவளம் வந்தார். பறையடித்து வாழ்ந்த கணவரைப் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தவர், அந்தக் கணவரின் பறையையே தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அப்போது எங்கள் ஊர் மண்டபத்தில் பாடிப் பழகிக்கொண்டிருந்தோம். மண்டபத் தலைவர் வாசலில் மறித்தார்.

“உவ வந்து ஒரு பக்கத்திலை இருக்கட்டும். மேளம் உள்ளுக்கை வரேலாது. அது செத்தவீட்டு மேளம்.”

நீங்கள் எழுந்தீர்கள். “எங்களிலை ஆரின்ரை வீட்டிலை ஐயா செத்தவீடு நடந்தது? ஒரு உடம்பைத் தந்தவையே? ஒரு பிடி சாம்பலைத் தந்தவையே?”

தலைவர் கதவுநிலையில் கையை ஊன்றி மறித்தபடியே நின்றார். ஆனால் என் அம்மாவும் பறையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “என்ரை பிள்ளை சாகேல்லை. எனக்கு அந்தச் சத்தம் வேண்டாம்.”

பவளம் வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னார்: “அம்மா, என்ரை மனுசனும் சாகேல்லை. ஊருக்குச் சேதி சொல்லவும் இதைத்தானே அடிச்சவை. பிள்ளையள் எங்கை எண்டு கேட்டு அடிப்பம்.”

நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தீர்கள். நாங்கள் பின்னால் வந்தோம். அம்மா கடைசியாக வந்தார், ஆனாலும் வந்தார். அதன்பிறகு அந்த மண்டபத்தில் நாங்கள் பாடவில்லை. வீதியோரத்தில் பாடினோம், உங்கள் ஊர்க் கோயில் முற்றத்தில் பாடினோம், அரச அலுவலக வாசல்களில் பாடினோம். மழைக்காலத்தில் பவளம் வீட்டுத் தாழ்வாரத்தில் பாடினோம். அம்மா அங்கே வந்து முழுக் குரலில் பாடுவார், தேத்தண்ணி வந்தால் மட்டும் ‘இப்பதான் குடிச்சனான்’ என்பார். எனக்கு முகம் கூசும். நீங்கள் வரும் வழியில் சொன்னீர்கள்: “பாட்டு வாயைத் திறந்துபோட்டுது ரீச்சர். தொண்டை திறக்கக் கொஞ்சக் காலம் செல்லும்.”

உங்கள் குரலைத் தனியாக ஒலிப்பதிவு செய்யக் கேட்டு வந்தவர்களுக்கு ஒரே மறுமொழிதான். “தனிய இழுத்தால் வலை வராது.” எல்லோருமாகத்தான் ஒருமுறை பதிவு செய்தோம், ஆளுக்கொரு ஒலிவாங்கி வைத்து. அதற்குப் பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். மாரி தொடங்குமுன் போய்விட்டீர்கள்.

விழாவுக்கு முன் அதே மண்டபத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்தார். உங்கள் நினைவாக மண்டபத்தில் நல்லிணக்க இசை விழாவாம், அவர்தான் தலைவராம். எங்கள் கூட்டமும் பாடவேண்டுமாம்.

“பவளமும் பறையும் வந்தால் நாங்களும் வாறம்” என்றேன்.

“ரீச்சர், பழசைக் கிளறாதையுங்கோ. இப்ப ஆர் சாதி பாக்கினம்?”

“அப்ப உள்ளுக்கை விடுங்கோவன்.”

“அது வேறை கதை” என்று எழுந்து போய்விட்டார். எது வேறு கதை, அக்கா? இந்த ஊரில் அந்த ஒரே கதைதானே நடக்கிறது!

மேடை ஏற மறுத்துவிட்டோம். ஆனால் உங்கள் பாட்டை ஒலிக்கவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், உங்கள் குரலைக் கேட்கும் ஆசையில் அம்மாவும் நானும் கூட்டத்துப் பெண்களும் போய் இருந்தோம். பவளம் பறையோடு வாசலுக்கு வெளியே நின்றார்.

ஒலிபெருக்கியில் நீங்கள் மட்டும் வந்தீர்கள். பறையை எடுத்துவிட்டார்கள். எங்கள் ‘ஏலேலோ’வை எடுத்துவிட்டார்கள். நாங்கள் இழுக்கவேண்டிய இடத்தில் யாரோ புல்லாங்குழல் வாசித்தார்கள். ‘கையிலே கொடுத்த பிள்ளை எங்கே?’ என்ற அடியே இல்லை. அதை வெட்டி எறிந்துவிட்டு, பாட்டின் வேறு இடத்திலிருந்து கடலையும் அலையையும் பாடும் அடிகளை எடுத்து ஒட்டியிருந்தார்கள். சனம் தலையாட்டிக்கொண்டு கேட்டது. உயிரோடு இருந்த காலத்தில் வெளியே போக வைத்தது போதாதென்று, இறந்தபின் உங்கள் வாயிலிருந்து உங்கள் பிள்ளையையும் பிடுங்கிவிட்டார்களே!

முதலில் எழுந்தது அம்மாதான். புல்லாங்குழலுக்கு மேலாகக் கத்தினார்: “ஏலேலோ!”

நாங்கள் எல்லோரும் எழுந்தோம். வெளியே பவளத்தின் பறை முழங்கியது. தலைவர் ஓடிவந்தார்.

“ரீச்சர், அம்மாவை இருத்துங்கோ. இது அஞ்சலி நிகழ்ச்சி.”

“பிள்ளையை வெட்டிப்போட்டுத் தாய்க்கு அஞ்சலியோ?” என்று அம்மா கேட்டார்.

ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். உங்கள் குரல் நின்றது. பறை மட்டும் அடியெடுக்க ஆளைத் தேடிக் காத்துக்கொண்டிருந்தது. பெண்கள் என்னைப் பார்த்தார்கள். இத்தனை காலம் சுருதி மட்டும் பிடித்தவள் நான். வெட்டிய அந்த அடியை எடுத்தேன். குரல் பாதியில் உடைந்தது. மீதியை அவர்கள் இழுத்தார்கள். பாடிக்கொண்டே வெளியே நடந்தோம். மண்டபத்தில் இருந்தவர்களில் சிலர் எழுந்து வந்தார்கள். பெரும்பாலானோர் கதிரையிலேயே இருந்து கைபேசியில் படம் எடுத்தார்கள்.

நேரே பவளம் வீட்டுக்குத்தான் போனோம். அம்மா தாழ்வாரத்தில் குந்திக்கொண்டு, “பவளம், தொண்டை வறண்டுபோச்சு. ஒரு வாய் தேத்தண்ணி தா பிள்ளை” என்றார். பவளம் பறையைத் தாழ்வாரத்தில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தார்.

அதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஆனால் அதற்காக என் கோபம் ஆறவில்லை. அண்ணை வரவில்லை. உங்கள் மகன் வரவில்லை. பவளத்தின் கணவர் வரவில்லை. எங்கே என்று கேட்டவர்களுக்கு மறுமொழி சொல்லாதவர்கள், எங்களுக்கு ஆறுதல் சொல்ல மட்டும் மேடை போடுகிறார்கள்.

வருகிற கிழமை அரச அலுவலக வாசலில் மறுபடியும் பாடுகிறோம். இப்போது அடியெடுப்பது நான். உங்கள் உயரத்துக்கு என் குரல் போகாது, அக்கா. அதனால் சுருதியைக் குறைத்துவிட்டேன். அடிகளில் ஒன்றையும் குறைக்கவில்லை.