மாத்திரை தந்த தலைவலி

அன்பு மகள் தாஜோங்குக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம். வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை, இந்த முறை மெய்யாகவே சுகம். ஹாம்பர்க்கில் குளிர் எப்படி, காதை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாயா? போனில் சொன்னால் நீ பதறியடித்து விமானம் ஏறிவிடுவாய் என்று அப்பா உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டார். இப்போது சொல்கிறேன், பயப்படாமல் படி.

சிப்பி சீசன் தொடங்கியதும் சிப்பி உடைக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போனேன். என் தலைவலிதான் உனக்குத் தெரியுமே, நீ பிறப்பதற்கு முன்பே வந்தது. காலையில் சோற்றோடு ஒரு மாத்திரை, மத்தியானம் ஒன்று என்று விழுங்கிக்கொண்டு சிப்பி உடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கண்ணோரத்தில் நெளிந்து நெளிந்து ஒரு வெளிச்சம். பக்கத்தில் இருந்த சூன்யோ அக்காவிடம் கத்தியைக் கேட்கப் போகிறேன், கத்தி என்ற சொல்லே வரவில்லை. வேறு எந்தச் சொல்லும் வரவில்லை, வாயிலிருந்து வந்ததெல்லாம் உளறல். "என்னடி, காலையிலேயே சோஜு ஊத்திட்டு வந்துட்டியா?" என்று அக்கா சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினார். வந்தவர்கள் என் பெயரைக் கேட்டார்கள். தெரிகிறது, சொல்ல முடியவில்லை. இனி உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதோ என்று அந்த நேரத்திலும் உன் நினைப்புதான்.

அப்பா படகைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மீன் வாடையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். பக்கவாதம் என்றே எல்லோரும் நினைத்தோம். ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் பேச்சு தானாகத் திரும்பியது, அதன் பின்னாலேயே மண்டையைப் பிளக்கும் வலி. மூளையில் ஒன்றும் இல்லை, ஒற்றைத் தலைவலி சிலருக்கு இப்படியும் காட்டும் என்றார் டாக்டரம்மா. இத்தனை வருஷம் கூடவே வைத்திருந்த வலிக்கு இப்படி ஒரு முகம் உண்டென்று எனக்கு எப்படித் தெரியும்? அதைவிட அடுத்ததுதான் தூக்கிவாரிப்போட்டது. என்ன மாத்திரை, எப்போதெல்லாம் என்று கேட்டார். தினமும் என்றேன். "தினமும் வலிக்கிறதுக்கு இப்ப அந்த மாத்திரையே காரணம் ஆயிடுச்சும்மா, அதை நிறுத்தணும்" என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "வலிக்குதுன்னு போட்டா, போட்டதால வலிக்குதுங்கிறீங்க, இது என்னங்க நியாயம்?" என்று எகிறினார். "நியாயம் இல்லதான் ஐயா, ஆனா அப்படித்தான் ஆகுது" என்று அவர் நிதானமாகச் சொன்னார்.

நிறுத்தின முதல் சில வாரங்களை எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்தேன். அப்பா பக்கத்து வீட்டு நாயிடம் போய், "குரைக்காதடா ராஜா" என்று கெஞ்சுவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அலமாரியெல்லாம் துழாவினேன், ஒரு மாத்திரைகூட இல்லை. எங்கே என்று கத்தினேன். எல்லாவற்றையும் கடலில் கொட்டிவிட்டாராம். "போச்சு, இனிமே மீனுக்கெல்லாம் தலைவலிதான்" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, சிரித்ததில் இன்னும் வலித்தது. வலி வராமல் தடுக்க டாக்டரம்மா முதலில் கொடுத்த மருந்தில் விரல் மரத்துப்போய்க் கத்தி நழுவியது, சொன்னதும் மாற்றிவிட்டார். இப்போது மாதம் ஒரு ஊசி.

ஒரு நாள் காலையில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். என்னமோ குறைகிற மாதிரி இருந்தது. அடுப்பைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, தலை வலிக்கவில்லை. பயந்தே போய்விட்டேன். கொட்டகைக்குப் போய் அக்காவிடம், உங்கள் எல்லோருக்கும் தலை தினமும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டேன். "எப்படிடி?" என்றார். "ஒண்ணுமே இல்லாம" என்றேன். அவர் கையில் சிப்பியை வைத்துக்கொண்டே அழுதுவிட்டார். அந்தத் திகைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. வலி அடியோடு போகவில்லை, மழை வருவதற்கு முன்னால் எட்டிப் பார்க்கிறது. அதற்கென்று வேறு மாத்திரை உண்டு, அளவு மீறக் கூடாது.

பார்சலில் நெத்திலி, கடற்பாசி, மிளகாய்த்தூள் வைத்திருக்கிறேன். நீ வாரம் தவறாமல் தலை வலிக்கிறது என்று கேட்கிறாயே, அந்த மாத்திரையை வைக்கவில்லை, தேடாதே. கோபம் வந்தால் போனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அங்கே நல்ல டாக்டராகப் பார், எவ்வளவு விழுங்குகிறாய் என்று ஒளிக்காமல் சொல், ஒரு மருந்து சரிப்படாவிட்டால் அதையும் சொல். நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். "அம்மாவோட தலை அப்படி, என் தலையும் அப்படித்தான்" என்று போன தடவை சொன்னாய். அப்படி இல்லை கண்ணு. என் தலையே அப்படி இல்லை.

உன் அம்மா
கும்ஹே
தோங்யோங்