கண்ணை மட்டும் மறைத்த படம்

பாறசாலை,
2 பிப்ரவரி 2025

அன்பு மிகுந்த சீதாலக்ஷ்மி டாக்டருக்கு,

ரோஸ்லெட் சிஸ்டர் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். முழங்கால் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. ரிட்டயர் ஆகி இரண்டு வருஷமாகியும் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து யாருக்கு ஊசி போடப் போகிறாய் என்று என் வீட்டுக்காரர் யோசுவா கேலி செய்கிறார். நீங்களும் சாரும் குழந்தையும் லீட்ஸ் குளிரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் விலாசத்தை ஸ்ரீவராகத்துக்குப் போய் உங்கள் அம்மாவிடம் வாங்கினேன். நீலாம்பாள் மாமிக்குக் காதுதான் கொஞ்சம் மந்தம், மற்றபடி நன்றாக இருக்கிறார்கள். அவளுக்கு எங்கிட்டப் பேசவே நேரம் கெடைக்கலை, நீங்களாவது எழுதிப் பாருங்கோ என்று சொல்லிக் காப்பி கொடுத்தார்கள். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று செய்திக்கும் நீலக் குறி விழுந்திருக்கிறது. வேலை மும்முரத்தில் பார்த்துவிட்டு மறந்திருப்பீர்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதை யாராவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போனக்காடு உலகம்மாளை நினைவிருக்கிறதா? 2012-ல் நம் தோல் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஆறு வாரம் கிடந்தாளே, அவள்தான். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். தொழுநோய் முற்றி, முகமெல்லாம் முடிச்சு முடிச்சாகத் தடித்து, புருவம் உதிர்ந்து வந்தாள். நீங்கள் அப்போது மேல்படிப்பு மாணவி. வார்டில் எல்லாரும் தள்ளி நின்றபோது நீங்கள்தான் அவள் கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் தொட்டுப் பார்த்தீர்கள். ஒரு வருஷம் மாத்திரை தின்று பூரணமாகக் குணமானாள். அவளுடைய படத்தைத்தான் நீங்களும் நம் துறைத் தலைவர் பெரிய சாரும் கட்டுரையோடு மருத்துவ ஜர்னலில் போட்டீர்கள்.

அவள் மகள் அனுஷா இப்போது கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஆரல்வாய்மொழிப் பையன் சுமந்த், எலக்ட்ரீசியன். இரண்டு பேருக்கும் வைகாசியில் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். சுமந்தின் தங்கை நர்சிங் படிக்கிறது. காலேஜில் கொடுத்த பாடவேலைக்காக இன்டர்நெட்டில் தேடியபோது நம் படம் அதன் கண்ணில் பட்டிருக்கிறது. கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தோம் அல்லவா? அது கண்ணை மறைத்தது, அவ்வளவுதான். கம்மல் அறுத்துப் பிளந்த இடது காதும் மோவாய்த் தழும்பும் பளிச்சென்று தெரிகின்றன. போதாததற்குக் கீழே நாமே எழுதியும் வைத்திருக்கிறோம்: முப்பத்தைந்து வயதுப் பெண், தேயிலைத் தொழிலாளி, போனக்காடு. இப்போது மேலே எஸ்டேட்டில் பாதி லயத்து வீடு காலி. மிச்சமிருக்கிற குடும்பங்களில் காது அறுந்தவள் எத்தனை பேர் இருப்பார்கள்?

படம் சுமந்த் வீட்டுக்குப் போய், அங்கிருந்து போன் வழியாகப் போனக்காட்டுக்கே வந்துவிட்டது. உலகம்மாள் விதுராவில் பஸ் மாறி, தம்பானூரில் இன்னொரு பஸ் பிடித்து என் வீட்டைத் தேடி வந்தாள். அழவில்லை. நான் சொகமாயிட்டேம்லா சிஸ்டரே, பெறவு எதுக்கு என் மூஞ்சி இன்னும் அங்க கெடக்கு என்று மட்டும் கேட்டாள். அதை என்னிடம் வந்து கேட்டது நியாயம்தான்.

ஏனென்றால் அவளிடம் கைநாட்டு வாங்கியது நான்தான். வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும் என்று பெரிய சார் உங்களை விரட்டிக்கொண்டிருந்தார். படம் போடுவதற்கான ஒப்புதல் ஃபாரம் ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் மலையாளம். அவளுக்கு இரண்டும் வாசிக்க வராது. நீங்கள் கொஞ்சம் தமிழில் சொல்லிடுங்கோ சிஸ்டர் என்று என்னிடம் தந்துவிட்டு ஓ.பி.க்கு ஓடினீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? டாக்டர்மார் படிக்கிற புஸ்தகம், அலமாரியில பூட்டி வச்சிருப்பாவ, வேற ஒருத்தரும் பாக்கமாட்டாவ என்றேன். அவளுக்குத் தமிழில் கையெழுத்துப் போடத் தெரியும். போடுகிறேன் என்று ஆசையாகக் கையை நீட்டினாள். எழுத்துக் கூட்டி எழுதி முடிக்க நேரமாகும் என்று நான்தான் மைப்பெட்டியைத் திறந்து பெருவிரலைப் பிடித்து அமுக்கினேன். சாட்சி என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

அன்றைக்கு நான் சொன்னது பொய்யில்லை டாக்டர். அந்த ஜர்னல் அப்போது அச்சில் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. நம் லைப்ரரியில் அதற்கு அலமாரியும் இருந்தது, பூட்டும் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய இதழ்களையெல்லாம் ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டார்கள். அலமாரியைத் திறக்கும்போது உலகம்மாளை யாரும் கேட்கவில்லை.

நான் அவளோடு ஆரல்வாய்மொழிக்குப் போனேன். குணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று, யாருக்கும் ஒட்டாது, மகளுக்கு ஒன்றும் வராது என்று சுமந்தின் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். மரியாதையான மனுஷிதான், தலையைத் தலையை ஆட்டிக் கேட்டாள். எனக்கு எவர்சில்வர் தம்ளரில் டீ வந்தது. உலகம்மாளுக்குக் காகிதக் கப்பில் வந்தது. வெளியே வரும்போது சுமந்த் பின்னாலேயே வந்து, படத்த மட்டும் எடுக்க வச்சிட்டா அம்மைய நான் சமாளிச்சிருவேன், இல்லன்னா சொந்தக்காரங்க வாய அடைக்க முடியாது என்றான். நல்ல பையன், ஆனால் தைரியம் அவ்வளவுதான்.

ஜர்னலுக்கு யோசுவாவின் இங்கிலீஷில் எழுதிக் கேட்டோம். அந்தக் காலத்து முறைப்படி கண்ணை மறைத்துத்தான் வெளியிட்டோம், எழுதியவர்கள் கேட்டால் உடனே பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. இல்லையென்றால் நோயாளியே பெயர், விலாசம், அடையாள அட்டையோடு விண்ணப்பிக்க வேண்டுமாம். ஒளிந்துகொள்ள நினைக்கிறவளிடம் விலாசம் கேட்கிறார்கள். பெரிய சார் கொரோனாவில் போய்விட்டார். கட்டுரையில் இருக்கிற இரண்டு பெயரில் மிச்சம் நீங்கள் ஒருவர்தான். ஒரு வரி எழுதினால் போதும் டாக்டர். வைகாசிக்குள் எழுதுங்கள்.

குழந்தைக்கு என் முத்தம்.

உங்கள் பிரியமுள்ள,
ரோஸ்லெட்


பாறசாலை,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள டாக்டருக்கு,

உங்கள் பதில் போனில் வந்தது. நாலு வரிதான், ஆனாலும் வந்ததே என்று சந்தோஷப்பட்டேன், வாசிக்கிறவரைக்கும்.

ஜூலையில் உங்களுக்குப் பெரிய டாக்டர் பதவிக்கு இன்டர்வியூ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டுரைதான் உங்கள் பட்டியலில் முதலாவது. ஒப்புதல் சரியில்லை என்று இப்போது நீங்களே எழுதிக் கொடுத்தால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அது என்றைக்கும் நிற்கும். இன்டர்வியூ முடியட்டும், ஆகஸ்டில் கட்டாயம் எழுதுகிறேன் என்று சொல்கிறீர்கள். வைகாசி எந்த மாதத்தில் வரும் என்பதை உங்கள் அம்மா உங்களுக்குச் சொல்லித் தராமல் இருந்திருக்கமாட்டார்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். நீங்கள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. வெளிநாட்டில் ஒற்றையாகப் பாடுபட்டு அந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். நான் உங்கள் வயதில் இருந்திருந்தால் இதையேதான் செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் உலகம்மாள் வாரத்துக்கு ஒரு தடவை மேலேயிருந்து இறங்கி, சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று எனக்குப் போன் செய்கிறாள். சின்ன டாக்டரம்மா எழுதிட்டாவளா என்று கேட்கிறாள். எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவைக்கிறேன். அறுபது வயதில் எனக்கு இந்தப் புளுகு தேவையா?

இன்னொரு வழி இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. நோயாளிக்கு விளக்கியவள் நான், சரியாக விளக்கவில்லை, அவளுக்கு எதற்குக் கைநாட்டு வைக்கிறோம் என்றே தெரியாது என்று நானே ஜர்னலுக்கு எழுதலாம். எழுதினால் அவர்கள் விசாரிப்பார்கள். விசாரணை என்னோடு நிற்காது. இத்தனை நாள் எழுதாமல் இருப்பது உங்கள் முகத்துக்காகத்தான். மே மாதம் முதல் வாரம்வரை பார்ப்பேன். அதற்குமேல் என்னால் முடியாது டாக்டர். அதற்குள் நீங்களே எழுதிவிட்டால் அதைவிட எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

கர்த்தர் உங்களுக்கு நல்ல மனதைத் தரட்டும்.

ரோஸ்லெட்


பாறசாலை,
22 ஜூன் 2025

அன்புள்ள சீதாலக்ஷ்மி டாக்டருக்கு,

நீங்கள் எழுதவில்லை. நான் எழுதினேன். மே எட்டாம் தேதி அனுப்பினேன். அதற்குப்பின் ஜர்னலிலிருந்து உங்களுக்கும் கேள்வி வந்திருக்கும்.

போன வாரம் படத்தை எடுத்துவிட்டார்கள். யோசுவா கம்ப்யூட்டரைத் திறந்து காட்டியபோது ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பிறகுதான் படம் இருந்த இடத்தில் ஒரு அறிவிப்பு போட்டிருப்பதைப் பார்த்தோம். எதை எடுத்தாலும் ஏன் எடுத்தோம் என்று சொல்லியாக வேண்டுமாம், அது அவர்களுடைய நேர்மையாம். போனக்காடு தேயிலைத் தொழிலாளிக்கு ஒப்புதல் சரியாக விளக்கப்படவில்லை என்று சாட்சியான நர்ஸ் தெரிவித்ததால் படம் நீக்கப்படுகிறது என்று எழுதி, உங்கள் பெயரையும் பெரிய சார் பெயரையும் போட்டிருக்கிறார்கள். முன்பு ஊர்ப் பெயர் உள்ளே எங்கேயோ பொடி எழுத்தில் கிடந்தது. இப்போது முதல் வரியில் இருக்கிறது.

படமும் போய்விடவில்லை. சுமந்தின் தங்கையே தேடிப் பார்த்துச் சொன்னது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கான ஒரு கேள்வித் தொகுப்பில் இருக்கிறதாம். காது மடலுக்கு நேரே சிவப்பு அம்புக்குறி போட்டு, இது என்ன நோய் என்று கேட்டு, கீழே நாலு விடை கொடுத்திருக்கிறார்கள். அதை யார் எடுத்துப் போட்டார்கள், யாரிடம் சொல்லி நீக்குவது என்று ஜர்னல்காரர்களுக்கே தெரியவில்லை. எங்கள் கையை விட்டுப் போன விஷயம் என்று எழுதியிருக்கிறார்கள்.

வைகாசியும் போய்விட்டது. சுமந்துக்கு வள்ளியூரில் வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். அனுஷாவின் கடையிலும் யாரோ ஒருத்தியின் போனில் அந்தப் படம் வந்து சேர்ந்தது. அனுஷா அம்மாவிடம் இனி கடைப்பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மேலே வருவதையும் நிறுத்திவிட்டாள். அனுஷாவைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

நான் நல்லது செய்வதாக நினைத்து உங்களையும் கெடுத்தேன், அவளுக்கும் ஒரு நன்மையும் ஆகவில்லை. இதை நினைத்துத்தான் இத்தனை நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன். ஜூலையில் இன்டர்வியூவில் கேட்டால், தமிழில் சொன்னது ரோஸ்லெட், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதியை என் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். நீலாம்பாள் மாமிக்கு நான் எதையும் சொல்லவில்லை.

நேற்று உலகம்மாள் வந்திருந்தாள். இந்தப் புழுக்கத்திலும் தலையைச் சுற்றிக் காது மறைய முக்காடு போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாள். படம் ஜர்னலில் இல்லை என்று சொன்னேன். யார் எடுத்தார்கள் என்று கேட்டாள். என் வாயில் உங்கள் பெயர் வந்துவிட்டது டாக்டர். ஏன் வந்தது என்று கேட்காதீர்கள். அவளுக்கு இந்த உலகத்தில் நம்புவதற்கு ஒருத்தராவது இருக்கட்டும் என்று தோன்றியது.

கேட்டதும் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். உங்களுக்கு எழுதும்போது தான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாள். மாற்றாமல் எழுதுகிறேன். அந்தப் புள்ளதான் அன்னைக்கு எனக்கு என் மூஞ்சியத் திருப்பித் தந்தது, சிஸ்டரே. இப்பவும் அதுதான் தந்திருக்கு. எனக்காவ எழுதப் போயி அது வேலைக்கு ஒரு கொறையும் வந்திரப்பிடாது. அது புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
ரோஸ்லெட்