ரேகை வைத்தவர்கள்

1919 பிப்ரவரி 11, செவ்வாய். சான் பெட்ரோ

காலை முழுக்கக் கப்பல் சரக்குக் கடிதங்கள். தூதர் டான் அனிபால் ஒரே கடிதத்தை மூன்று தரம் மாற்றினார், மூன்று தரமும் தட்டச்சு செய்தேன். அவருடைய நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், நம் மொழி பேசும் நாடு. அது போதும்.

மத்தியானம் தோழி பல்பினா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஒருநாளும் வராதவள். நம் நாட்டைப் பிடித்துவைத்திருக்கிற அமெரிக்க யாங்கிச் சிப்பாய்கள் சனிக்கிழமை அவள் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள்.

"ஒரே ஒரு தீக்குச்சிடி எர்சி. ஓலை வீட்டுக்கு வேற என்ன வேணும்?"

அவள் புருஷன் தொரீபியோவைக் கையைக் கட்டிக் கூட்டிப்போயிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டாளாம். கொள்ளைக்காரனுக்குச் சோறு போட்டதற்காம்.

எதிர்த்து மலையேறின எல்லோரும் அவர்களுக்குக் கொள்ளைக்காரர்கள்தான். அவள் வீட்டில் சாப்பிட்டது என் தம்பி நெமேசியோ. அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 19

டான் அனிபாலிடம் பல்பினாவின் கதையைச் சொன்னேன். மே மாதம் அண்டை நாட்டு மந்திரிகள் கூடுகிறார்களாம்.

"நாலு நாடு ஒண்ணாச் சேர்ந்து கேட்டா வாஷிங்டன் பதில் சொல்லித்தான் ஆகணும், செனோரிட்டா. இதை எழுத்துல குடுக்க முடியுமா? பேர், ஊர், கையெழுத்தோட. பேர் இல்லாத புகாரை வதந்தின்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

எனக்கு முப்பத்தெட்டு வயது. எட்டு வருஷமாக அடுத்தவர் சொன்னதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவையாக நாங்கள் சொல்வதைத் தட்டப்போகிறேன். இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 2

கையெழுத்துக் கேட்டுப் போன மூன்று வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் ரேகை பல்பினாவுடையது. மைப்பெட்டியைத் திறந்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"மந்திரிங்க பாக்கப்போற விரலா? இரு, கழுவிட்டு வரேன்."

சிரித்தோம். வீடு எரிந்த பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். அவள் வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். மகனைத் தேடும் கரும்பு வெட்டி, கோவேறு கழுதையைப் பறிகொடுத்தவர், முதுகில் தழும்போடு ஒரு தச்சர். சட்டையைக் கழற்றிக் காட்டிவிட்டு, "இதைத் தட்டச்சுல எப்படி அடிப்ப?" என்று கேட்டார். அடித்தேன்.

ஏப்ரல் 3

நெமேசியோவைப் பார்த்தேன். சோக்கோ ஆற்றங்கரையில், துணி துவைக்கிற பெண்களுக்கு நடுவில், பட்டப்பகலில் வந்து நிற்கிறான்! கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. காய்ச்சல். கொயினா மாத்திரை கேட்டிருந்தான், கொண்டுபோயிருந்தேன்.

பட்டியலைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

"பேரை எழுதி யார் கையில குடுக்கப்போற?"

"நம்மள மாதிரி பேசுறவங்க கையில."

"நம்மள மாதிரி பேசுறான். அவன் நாட்டுச் சர்க்கரையை யாருக்கு விக்கிறான்? போய்க் கேட்டுட்டு வா."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ துப்பாக்கி தூக்கி ரெண்டு வருஷம் ஆச்சு. சர்க்கரை ஆலைக்காரன் பிடுங்கின நிலத்துல ஒரு முழம் திரும்பி வந்துச்சா? கடைக்காரர் யூசெபியோவை ஏன்டா சுட்டீங்க? அவரு என்ன யாங்கியா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டான். "காட்டிக்குடுத்தான்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

மாத்திரையை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய்விட்டான். தலையைத் தொட்டிருக்கலாம். ஏன் தொடவில்லை நான்?

ஏப்ரல் 16

பதினேழு பேர். தூதரகப் பையில் வைத்து அரக்கு முத்திரை போட்டாயிற்று. கப்பல் பத்து மணிக்குப் போனது. டான் அனிபால் என் கையைக் குலுக்கினார்.

மே 30

மாநாடு முடிந்தது. வந்த தந்தியை நான்தான் தட்டச்சு செய்தேன். "கிழக்கு மாவட்ட நிலவரம் நட்புணர்வோடு கவனத்தில் கொள்ளப்பட்டது." எங்கள் மாவட்டத்துக்கு அவ்வளவுதான். அதற்கு அடுத்த பத்தியில் தூதர் நாட்டுச் சர்க்கரைக்கு யாங்கித் துறைமுகங்களில் வரிச்சலுகை. இரண்டும் ஒரே தாளில்.

டான் அனிபால் வாசித்துவிட்டு, ஜன்னலைச் சாத்தச் சொன்னார். வெயிலாம். வெயில் அந்தப் பக்கம் இல்லவே இல்லை.

ஜூன் 12



காலை பதினொரு மணிக்கு டான் அனிபால் கூப்பிட்டார். அவருடைய வெளியுறவு அமைச்சகம் எங்கள் பட்டியலை யாங்கித் தூதரிடம் கொடுத்திருக்கிறது. உண்மைதானா என்று விசாரிக்கவாம், மரியாதை நிமித்தமாம். அதைச் சொல்லும் கடிதம் இங்கே வந்து சேரவே மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

"பேரோடவா?" என்றேன்.

"பேரோட."

தொப்பிகூட எடுக்காமல் ஓடினேன். தச்சரைப் பிடித்தேன், உடனே கிளம்பிவிட்டார். கழுதைக்காரர் நம்பவில்லை. தூதரகம் அப்படிச் செய்யாது என்று எனக்கே சொல்கிறார்! இன்னும் மூன்று பேரிடம் சொல்ல முடிந்தது. ஐந்து பேர். பதினேழில் ஐந்து.

பல்பினா தங்கியிருந்த கொட்டகைக்கு நான் போனபோது அடுப்பில் வாழைக்காய் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக்காரி அடுப்பை அணைத்தாள். "இப்பத்தான் கூட்டிட்டுப் போனாங்க. நீ எதுக்கு இங்க வந்த?" என்றாள்.

எதுக்கு வந்தேன். சரியான கேள்வி.

ஜூன் 14

பட்டியலில் என் பெயர் இல்லை. எழுதியவர் என்ற இடத்தை டான் அனிபால் காலியாக விட்டிருக்கிறார். என் பாதுகாப்புக்காம்.

ராணுவ அலுவலகத்துக்குப் போனேன். எழுதினது நான்தான், என்னை உள்ளே வையுங்கள், அவர்களை விடுங்கள் என்றேன். அதிகாரி தலையை நிமிர்த்தவில்லை. அவருக்கு மொழிபெயர்க்கிற துபாசிதான் சிரித்தான். அவன் பக்கத்துத் தீவுக்காரன்.

"ஏம்மா, அது எங்களுக்குத் தெரியாதா? தூதரகத்து ஆளுங்க மேல கை வைக்கக் கூடாதுன்னு மேலேருந்து உத்தரவு. நாடுகளுக்குள்ள இப்பத்தான் நல்லாப் போய்ட்டிருக்கு. வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 20

வேலையை விடவில்லை. ஏன் என்று என்னையே கேட்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்கு வாரம் ஒரு மனு எழுத அந்தத் தாளும் அந்த இயந்திரமும் வேண்டும். ஐந்து மனு போட்டாயிற்று. டான் அனிபால் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்.

அக்டோபர் 6

நெமேசியோ போய்விட்டான்.

அக்டோபர் 8

காய்ச்சல் என்கிறான் ஒருவன். குண்டு என்கிறான் இன்னொருவன். புதைத்த இடத்தைக் கேட்டால் இருவருமே தரையைப் பார்க்கிறார்கள். அவன் வயது முப்பத்தொன்று. தூதரகத்தில் விடுப்புக் கேட்கவில்லை. என்ன காரணம் சொல்வது? கொள்ளைக்காரன் செத்தான் என்றா?

1920 ஜனவரி 11, ஞாயிறு

பல்பினாவை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஆலைக் குடியிருப்புக்குப் போனேன். மேலாளர்கள் வீட்டுத் துணிகளைத் துவைத்துப் பிழைக்கிறாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். தொரீபியோவைப் பற்றித் தகவல் இல்லை. மகனைத் தேடிய கரும்பு வெட்டி உள்ளேயே வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டாராம்.

அழுவாள், திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். பெட்டி ஒன்றைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள்.

உக்காருங்க.

"பல்பினா, என்னடி இது…"

"காப்பி போடட்டுங்களா? சர்க்கரை கம்மியாத்தான் இருக்கு."

குடித்தேன். சூடாக இருந்தது. நான் எழுந்தபோது வாசல்வரை வந்தாள்.

"இனிமே வராதீங்க. யார் கண்ணுலயாவது படும்."

தாழ்ந்த குரலில், பணிவாகச் சொன்னாள். பிறகு தொட்டியில் கையை விட்டுத் துணியைத் தேய்க்கத் தொடங்கினாள்.

ஜனவரி 14, புதன்

மார்ச்சில் மறுபடி ஒரு மாநாடு. டான் அனிபால் காலையிலேயே உற்சாகமாக இருந்தார். இந்தத் தடவை வேறு மாதிரியாம், பெயர்களை யாரிடமும் கொடுக்கமாட்டார்களாம், எழுத்தில் உறுதி தந்திருக்கிறார்களாம். கிழக்கு மாவட்டத்திலிருந்து எத்தனை சாட்சி கிடைக்கும் என்று கேட்டார்.

உட்கார்ந்து தட்டினேன். "இம்மாவட்டத்தில் புகார் சொல்ல எவரும் இல்லை."

வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பத்து மணிக் கப்பலில் அனுப்பிவிட்டேன்.